எடைக் குறைப்பில் முதல் பரிசு

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் அவ்விதமே இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசினால் அண்ணி பக்கத்தில் நின்று என் வாக்கியங்களை முடித்துவைக்கிறாள். அதனால்தான் பழையபடி கடிதம்.

விஷயம் இதுதான். உன் அண்ணனுக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. இளைத்ததற்காக.

எங்கள் பாட்டில் கம்பெனியில் புதிதாக நலத்திட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதற்கென்று ஓர் அதிகாரி. சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. உலைக் கொட்டகைக்கு வந்தார். பின்னால் கண்ணாடி உருகிக் கொதித்துக்கொண்டிருக்க, "நீங்க எல்லாரும் தினமும் கொஞ்சமாவது வேர்க்கணும்" என்று அறிவுரை சொன்னார். கொட்டகையில் முப்பது பேர் இருக்கிறோம். முப்பது பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டோம். பிறகு எடைக் குறைப்புப் போட்டி அறிவித்தார்.

நான் ஓடவில்லை, பட்டினி கிடக்கவில்லை. தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான். மற்றவர்கள் வேலை நேரத்தில் தண்ணீரைத் தொடுவதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அது பின்கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போய்வருவதற்குள் மேஸ்திரி முகம் உலையைவிடச் சிவந்துவிடும். எனக்குத் தாகம் அடங்குவதில்லை. குடிக்கிறேன், போகிறேன், திட்டு வாங்குகிறேன். கொட்டகையில் என் பெயர் குடம். தொப்பை இருந்த இடத்தில் இப்போது பேன்ட்டின் மடிப்புத்தான் இருக்கிறது.

பரிசாக எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். நோட்டீஸ் போர்டில் என் படம், அதன் கீழே 'ஆரோக்கியத்தின் முன்மாதிரி'. என் கூட்டாளி சோடாவை உனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியின் தடிமனுக்காக அந்தப் பெயர். அவன் படத்தின் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "யாருடா இது, உன் தம்பியா?" என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை லாரியை மெதுவாக ஓட்டச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணா,

கடிதம் வந்தது. நான் நலம், அவர் நலம், அத்தை ஒரு கால்விரல் நீங்கலாக நலம்.

பரிசுக்கு வாழ்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அத்தைக்குச் சர்க்கரை என்று தெரிவதற்கு முன்னால் இப்படித்தான் இருந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். ரவிக்கையைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். தெருவே கூடி, "மருமக வந்த ராசி, மாமியா சின்னப்பொண்ணாட்டம் ஆயிட்டா" என்றது. நானும் நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமைக்கு விலையாகத்தான் அந்த விரல் போனது.

அண்ணா, வெளியே ஒரு டாக்டரிடம் போய் ரத்தம் பார். கம்பெனி வைத்தியம் வேண்டாம். எங்கள் சட்டைக் கம்பெனியிலும் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். தலைவலிக்கு வெள்ளை மாத்திரை, முதுகுவலிக்கும் அதே. போன வாரம் தையல் ஊசி விரலில் ஏறி ஒருத்தி போனாள். அவளுக்கும் அதேதான்.

பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று உன் கையெழுத்தின் வேகத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

டாக்டரிடம் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. டாக்டர் எங்களிடம் வருவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். உலைக் கொட்டகைக்குச் சிறுநீர்ச் சோதனை. ஆளுக்கொரு சின்ன பாட்டில், மூடியில் பெயர்ச்சீட்டு.

உனக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றும். கொட்டகையில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. போன வருடம் பிரஷர் பார்த்தார்கள். மூத்த உலைக்காரர் ஒருவருக்கு அதிகம் என்று, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர் இன்னும் ஓய்வில்தான் இருக்கிறார். பேருந்து நிலையத்தில் சீப்பு விற்கிறார்.

கேன்டீனில் கூடிப் பேசினோம்.

"எனக்கு என்ன வியாதி இருக்குன்னு எனக்கே தெரியாது. தெரியாத வரைக்கும் எனக்கு வேலை இருக்கு," என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்ப நல்ல உடம்புக்காரன் ஒருத்தன் எல்லாருக்கும் குடுத்துட்டா?"

சொன்னவன் சோடா. அன்று காலை அவன் முகம் உப்பியிருந்தது, தூக்கக் கலக்கம் என்றான். "நோட்டீஸ் போர்டுலயே ஒட்டி வச்சிருக்காங்களேப்பா, யாரு நல்ல உடம்புக்காரன்னு. இவன்தான் தண்ணி குடிக்கிறான். இவன்தான் போறான். நமக்கெல்லாம் கேட்டாக்கூட வராது."

இவ்வளவு பேர் ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. மறுக்க மனம் வரவில்லை. சோதனை நாளில் கழிப்பறைக்குள் நான் உற்பத்தி. வாசலில் சோடா மூடி போடுகிறான். இன்னொருவன் சீட்டைச் சரிபார்க்கிறான். கம்பெனியில் எந்தப் பிரிவும் இத்தனை ஒழுங்காக ஓடிப் பார்த்ததில்லை. ஒரு பாட்டில்கூடப் பழுது இல்லை.

இன்னொரு சின்ன வேடிக்கை. சூடான கண்ணாடிச் சில்லு ஒன்று என் ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. சாயங்காலம் கழற்றும்போதுதான் பார்த்தேன். வலியே இல்லை. கொட்டகையில் இப்போது எனக்கு இரும்புக்கால் என்றும் ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது.

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். உன்னைப் பற்றி மட்டும்தான் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். தப்பாகப் படித்திருப்பேனோ என்று மறுபடி எடுத்துப் படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

கண்ணாடிச் சில்லு காலைச் சுட்டும் உனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை வேடிக்கை என்று வேறு எழுதியிருக்கிறாய். அத்தையும் அடுப்புக்கரியை மிதித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் உறைக்கலயே" என்று சிரித்தார்.

பாட்டில் கதைக்கு நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார், அவரைத் திட்டினேன். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தங்கை


மே 26

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். இங்கே அண்ணி சுகம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

சோதனை முடிவு வந்தது. நல அதிகாரி எங்களை வரிசையாக நிற்கவைத்தார். முகம் காகிதமாக வெளுத்திருந்தது. முதல் பெயரைப் படித்தார், சர்க்கரை, மிக அதிகம். அடுத்த பெயர், அதே. அடுத்ததும் அதே. பாதியிலேயே தாளை மடித்துவிட்டார். "இப்படி ஒரு கொட்டகையை நான் கேள்விப்பட்டதே இல்ல," என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

எல்லாத் தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

ஏமாற்றியதாகச் சொன்னால் அன்றைக்கே எல்லோரும் வெளியே. சொல்லாவிட்டால் எல்லோரும் நோயாளி. நோயாளியாகவே இருந்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஒருவனுக்கு வியாதி என்றால் ஓய்வு கொடுத்து அனுப்புவார்கள். முப்பது பேருக்கும் என்றால் உலையை யார் பார்ப்பது? யாரையும் அனுப்பவில்லை. கேன்டீன் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, காலையில் கேட்டில் ஆளுக்கொரு மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒப்பந்த டாக்டர் கொட்டகைப் பக்கமே வராமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என்னைக் கேட்டால், அந்தப் பாட்டில்களில் முன்பு ஏதாவது பழச்சாறு இருந்திருக்க வேண்டும். சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள்.

மழை எப்படி அங்கே?

அண்ணன்


ஜூன் 4

அண்ணா,

பாட்டிலில் பழச்சாறு இல்லை. உன் கொட்டகையில் முப்பது பேருக்குச் சர்க்கரை இல்லை. ஒருத்தனுக்கு இருக்கிறது. அது உனக்கும் தெரியும், அந்தச் சுவருக்கும் தெரியும்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழையைக் கேட்டிருக்கிறாய்.

மற்றவர்கள் அந்த மாத்திரையை என்ன செய்கிறார்கள்? சர்க்கரை இல்லாதவர் அதை விழுங்கினால் ஆள் விழுந்துவிடுவார். அத்தையின் டாக்டரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணிக்குத் தெரியுமா?

தங்கை


ஜூலை 19

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம்.

நீ பயப்பட வேண்டாம். ஒருவரும் விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதுபோல் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கொட்டகைக்குள் வந்ததும் துப்பி, துடைத்து, பவுடர் டப்பா ஒன்றில் போடுகிறார்கள். டப்பா என்னிடம் வருகிறது.

ஏற்பாடு சோடாவுடையது. "உன் சர்க்கரைக்குத்தானேடா குடுக்கறாங்க? அதை நாங்க தின்னா என்ன நியாயம்? டாக்டர்கிட்ட போனா உன் பேரு வெளிய வந்துரும். இதுல நீயும் பொழைப்பே, நாங்களும் பொழைப்போம்," என்றான். அவன் கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு பாசமான மருந்துக்கடை எந்த ஊரிலும் கிடையாது.

டாக்டர் இல்லாததால் அளவை நானே வைத்துக்கொள்கிறேன். தாகம் எடுத்தால் ஒன்று. அதிகம் எடுத்தால் இரண்டு. கால் கனமாக இருக்கிற நாளில் இன்னும் ஒன்று. தாகம் குறைந்திருக்கிறது, ஆகவே வைத்தியம் சரி. சில நாள் கை நடுங்குகிறது. வயசாகிறதில்லையா.

கால் ஆறிக்கொண்டு வருகிறது.

அண்ணன்


ஜூலை 27

அண்ணா,

'கால் ஆறிக்கொண்டு வருகிறது.' மார்ச்சில் சுட்டது.

அந்த டப்பாவைத் தொடாதே. கை நடுங்குவது வயசால் இல்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அத்தனை பேரும் சேர்ந்து உன்னைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். நீ ருசித்துச் சாப்பிடுகிறாய்.

இதே தபாலில் அண்ணிக்கும் ஒரு கடிதம் போடுகிறேன். என்மேல் கோபப்படு, பரவாயில்லை. கோபப்பட ஆள் இருக்க வேண்டும்.

தங்கை


ஆகஸ்ட் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் விசாரிக்க இப்போது தெம்பில்லை, தப்பாக நினைக்காதே.

உன் கடிதத்தை நான் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். வாசற்படியில் கிடந்தது. அதற்கு முந்தின நாளே அவர் விழுந்துவிட்டார். வார்ப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்து, வாய் குழறி, உலைப் பக்கமாகவே சாய்ந்திருக்கிறார். சோடா இடுப்பில் கட்டிப்பிடித்து இழுத்துவிட்டாராம். இல்லாவிட்டால் என்ன என்று நான் எழுத மாட்டேன்.

டாக்டர், "சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கு, எத்தனை மாத்திரை போட்டாரு?" என்று கேட்டார். எந்த மாத்திரை என்று திருப்பிக் கேட்டேன். அவர் மனைவிதானே நீங்கள் என்றார்.

அப்புறம் காலுறையைக் கழற்றினார்கள். வீட்டில் அதைப் போட்டுக்கொண்டேதான் தூங்கினார். கேட்டால் குளிர் என்பார். நாள் முழுக்க உலையில் நிற்கிறவருக்குக் குளிர். நானும் நம்பிப் போர்வையை இழுத்துவிட்டேன்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மீதியைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்கிறார்கள். இரண்டு நாளாக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கிண்டல்கூட வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

முடிந்தால் வா.

அண்ணி


நவம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

நீ வந்து இருந்துவிட்டுப் போன பிறகு வீடு பெரிதாகத் தெரிகிறது. அண்ணி சுகம். நான் இரண்டு விரல் குறைய இருக்கிறேன். உன் அத்தையை முந்திவிட்டேன் என்று அவரிடம் சொல். ஊசி காலையும் மாலையும். கால் தப்பியது.

நேற்று கம்பெனியில் விழா. அதற்கு முன்னால், இந்த முறை விரலில் குத்தி எல்லோருக்கும் சர்க்கரை பார்த்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் சரியாக இருந்தது. யோசித்துப் பார். ஒரு கொட்டகை முழுக்கத் தீராத வியாதி, சில மாதத்தில் மாயம். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து நல அதிகாரிக்குக் கேடயம் கொடுத்தார். என் கூட்டாளிகளைக் 'குணமானவர்கள்' என்று மேடையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லோரும் குனிந்தே இருந்தார்கள்.

குணமாகாதவன் நான் ஒருவன்தான். மாத்திரையை ஒழுங்காக விழுங்காததால் வந்த வினை என்று மேடையில் பெயர் சொல்லாமல் வருந்தினார்கள்.

இருந்தாலும் என்னைக் கைவிடவில்லை. கேட்டில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து எல்லாப் பிரிவுக்கும் மாத்திரை. இத்தனை வெற்றிக்குப் பிறகு சோதனை வேறு எதற்கு என்று அதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் விழுங்குகிறார்களா என்று வாயைப் பார்ப்பது என் பொறுப்பு. இதைவிட்டால் இந்தக் காலோடு வேறு வேலை எனக்குக் கிடைக்காது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


நவம்பர் 16

அண்ணா,

நாங்கள் நலம்.

என் வரிசையில் உள்ள பெண்களில் பாதிப்பேர் காலையில் சாப்பிடாமல்தான் வேலைக்கு வருகிறார்கள். உங்கள் பேக்கிங் பிரிவும் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்குக் கன்னத்தில் ஒதுக்கத் தெரியாது. கொடுத்தால் விழுங்கிவிடுவார்கள்.

வேலையை விடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாயைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தையும் பார். அவ்வளவுதான்.

தங்கை


டிசம்பர் 7

அன்புத் தங்கைக்கு,

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, இன்றைக்கு நோயாளி நான் இல்லை.

உன் கடிதம் வருவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மேசை, தண்ணீர்ப் பானை, மாத்திரைத் தட்டு, நான். முதலில் வந்தது பேக்கிங் பிரிவு அக்கா ஒருத்தி. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, வெறும் வயித்துல போடலாமா?" என்றாள்.

ஆம் என்றால் என் வேலை தப்பும். இல்லை என்றால் அவள் தப்புவாள். செருப்பைக் கழற்றி, கட்டைப் பிரித்து, காலைத் தூக்கி மேசைமேல், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் கையிலிருந்த மாத்திரை கீழே விழுந்தது. வரிசை அப்படியே உறைந்தது.

நல அதிகாரி ஓடிவந்தார். "என்னங்க பண்றீங்க? காலை எடுங்க."

"சார், அந்தத் தண்ணி என்னோடது."

"எந்தத் தண்ணி?"

"முப்பது பாட்டில்லயும்."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கேட்டது ஒன்றைத்தான். "அப்ப மத்தவங்களுக்கு என்ன இருக்கு?"

"தெரியாது சார். அவங்களை யாருமே பார்க்கலையே. விரல்ல குத்தி சர்க்கரை மட்டும்தானே பார்த்தீங்க."

அதற்குள் கொட்டகை ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். சோடா முன்னால் வந்தான். "என் பாட்டிலும் இவன் தண்ணிதான் சார். ஐடியாவே என்னோடது," என்றான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதிகாரி அன்றைக்கு யார்மேலும் கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. மாத்திரை நின்றது. கேட்டில் மறுநாள் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். எனக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரையும் அனுப்பினால் உலை அணைந்துவிடும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்தாம்.

எனக்குத் தூக்கம் போனது வேலை போனதால் இல்லை, அந்த அதிகாரி கேட்ட கேள்வியால்தான். சோடாவை நானே இழுத்துக்கொண்டு இங்கே வந்தேன். வரமாட்டேன் என்றான். "எனக்கென்னடா, முகம் லேசா வீங்குது, அவ்வளவுதானே," என்று வழி முழுக்கச் சண்டை. ரத்தம் எடுத்தார்கள். பாட்டில் கொடுத்தார்கள். அதை நிரப்ப அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

இப்போதுதான் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருக்கிறான். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கிட்னின்னு சொன்னாரு. உலையில வேலை பார்க்கும்போது எவ்வளவு தண்ணி குடிப்பீங்கன்னு கேட்டாரு. குடிக்க மாட்டோம் சார், போனா மேஸ்திரி திட்டுவாருன்னேன். எத்தனை வருசமாங்கன்னாரு. சேர்ந்ததுல இருந்துன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"எழுதிட்டிருந்தவரு பேனாவைக் கீழ வச்சிட்டாருடா."

உன் அண்ணன்